உங்கப்பன் வந்துட்டான்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் நல்லபடியாக இருக்கிறோம். குட்டிக்குப் பல் முளைக்கிறது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறாள், என் சர்வே வரைபடங்கள் உட்பட. உன் தோள்வலி குறைந்ததா? ஈரத் துணி தூக்குகிற வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடு என்று நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், நீயும் கேட்கிறதாக இல்லை.

ஜூன் வந்தால் தாத்தா போய் ஒரு வருஷம். கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் போடப்போகிறார்கள். தாத்தா வீட்டுக்கு எதிரே இருக்கிற சைக்கிள் கடைக்காரர்தான் முன்னால் நின்று செய்கிறார். நாற்காலி, மைக், மாலை போட்ட படம் எல்லாம் உண்டு. பூட்டுத் தாத்தாவின் வாழ்க்கையைப் பற்றிப் பேரன் பேச வேண்டுமாம். உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு.

எனக்கு மைக்கைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதுகூடப் பரவாயில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன் என்பதுதான் தெரியவில்லை. அப்பா பஸ் நிறுத்தத்தில் விழுந்து போய்ச் சேர்ந்த அன்று, தாத்தாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போனேன். அப்பாவின் சட்டைப்பையில் இருந்த தாத்தா வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. எனக்குப் பழக்கமில்லாத சாவி, பாதியில் நின்றுவிட்டது. பின்னால் இழுத்து மறுபடி திருப்பினேன். அப்பா திறப்பது போலவே ஆகிவிட்டது. உள்ளேயிருந்து தாத்தா, "என்னடா, இன்னிக்கு லேட்டு?" என்றார். "பஸ் கிடைக்கலப்பா" என்றேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்கே திரும்புவது?

கண்பார்வை போனவர், இதயமும் பலவீனம், அப்படியே இருக்கட்டும் என்று நீயும் நானும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். தினமும் சாயங்காலம் அப்பாவாகப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவைத் தட்டிக்கொண்டு நானாகப் போவேன். "உங்கப்பனுக்குச் சளி பிடிச்சிருக்கு, மருந்து வாங்கிக் குடுடா" என்று என்னிடமே சொல்வார். நானும் வாங்கி நானே குடிப்பேன். சிரிக்காதே.

அவர் ஏமாந்தேதான் போனாரா அக்கா? கடைசிவரைக்கும் என்னை அப்பா என்று நம்பிக்கொண்டா இருந்தார்? அது தெரியாமல் அந்தக் கூட்டத்தில் என்னால் வாய் திறக்க முடியாது. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

தாத்தா இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் கெடு வைத்திருக்கிறார். வேலை முடிந்ததும் அங்கே போய்க் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டை கட்டுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 27

அருமைத் தம்பிக்கு,

தோள் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சண்டையில்லாமல் காலம் தள்ளுகின்றன. உன் கடிதத்தை, கடல் தாண்டிய இந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். குட்டி என்னை எப்போது கடிப்பாள் என்று ஏக்கமாக இருக்கிறது.

போலீஸ் கதையைக் கட்டாயம் சொல். யாரோ பெரிய மனிதர் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறக்கத் தாத்தாவைக் கூட்டிப் போனார்களே, நினைவிருக்கிறதா? உட்கார்ந்தவர் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிட்டார். இவ்வளவு சுலபமாகத் திறக்கிறவன் இதற்கு முன்னால் எதையெல்லாம் திறந்தானோ என்று இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்து, அன்று முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார். அதிலிருந்து தாத்தா எந்தப் பூட்டையும் சீக்கிரம் திறந்ததில்லை. திறக்கத் தெரிந்த பூட்டு முன்னால் உட்கார்ந்து முனகுவார், தலையைச் சொறிவார், முகத்தைத் துடைப்பார். கடைசியில்தான் திறப்பார். சினிமாவில் சேர்ந்திருக்க வேண்டிய ஆள்.

இன்னொன்று. யார் வீட்டுக் கதவைத் திறந்தாலும், திறந்த உடனே திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். வீட்டுக்காரர் உள்ளே போய், "வா" என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "பூட்டைத் திறக்கத்தாம்மா என்னைக் கூப்பிட்டாங்க. வீட்டைப் பார்க்க இல்ல" என்றார்.

சாவி திருப்புவதை வைத்தே ஆளைச் சொல்வார். அப்பா சின்ன வயதில் சாவியைப் பூட்டுக்குள் உடைத்துவிட்டு அடி வாங்கியவர். அதனால்தான் சாகும்வரைக்கும் பாதி திருப்பி, பின்னால் இழுத்து, அப்புறம் முழுசாகத் திருப்பினார். பூட்டுக்காரன் மகன் பூட்டுக்குப் பயப்படுகிறான் என்று தாத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஏமாந்தார் என்று ஏன் நினைக்கிறாய்? மகன் தினமும் வருகிறான் என்ற நிம்மதியோடு போனார். அப்பா செத்ததற்கு நான் வந்து சேர முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் தாத்தாவுக்குப் போன் செய்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பேன். வைத்ததும் சலவை மூட்டை மேல் உட்கார்ந்து அழுவேன். நீ செய்ததில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. கடைசி மாதங்களில் நீ ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லையே. பேசிக்கொண்டிருக்கும்போதே சாவிச் சத்தம் கேட்கும். பாதி, ஒரு இழுப்பு, அப்புறம் முழுசு. "உங்கப்பன் வந்துட்டான்" என்பார். என் தம்பி மாதிரி யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தைரியமாகப் பேசு. வேளாவேளைக்குச் சாப்பிடு, வீட்டுக்காரியை எதிர்த்துப் பேசாதே.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

உன் கடிதத்தில் கடைசி மாதங்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்த மாதங்கள்? என்ன கேட்டாய், தாத்தா என்ன சொன்னார் என்று நினைவில் இருக்கிறபடியே எழுது. ஊகித்து எதுவும் சேர்க்காதே. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி

*

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதம்தான் நன்றாக இல்லை. குட்டிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோர்ட்டில் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறாய். சரி, நானும் கூண்டில் ஏறிச் சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரைக்கும் என்று வைத்துக்கொள். நான் போன் செய்தால் தாத்தாவே எடுப்பார். கொஞ்ச நேரம் பேசுவோம். அப்புறம் சாவிச் சத்தம். "உங்கப்பன் வந்துட்டான்" என்பார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுவார். எனக்கும் கேட்கும். "வாடா, உட்காரு" என்பார். சத்தம் இருக்காது. "அப்படியா?" என்பார். மறுபடி சத்தம் இருக்காது. அப்புறம் சிரிப்பார். நீ மெதுவாகப் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் நீ போனை வாங்கி, "நல்லாருக்கியாம்மா?" என்று அப்பா குரலில் கேட்பாயே. அது எனக்குப் பிடிக்கவும் செய்யும், பயமாகவும் இருக்கும். அந்த மாதங்களில் நீ போனையே வாங்கவில்லை. அப்பாவிடம் கொடுங்கள் என்று கேட்டால், "கை கழுவப் போயிருக்கான்" என்பார். இன்னொரு வாரம், "அசதியா இருக்கானாம், அப்புறம் பேசுறானாம்" என்றார். நடித்து நடித்து உனக்கு அலுத்துவிட்டது, அதனால்தான் தப்பிக்கிறாய் என்று நினைத்தேன். உன்மேல் கோபம் இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

ஒரு தடவை மட்டும் தாத்தா பேசாமல் இருந்தபோது பின்னால் யாரோ இருமினார்கள். அப்பாவின் இருமல். எவ்வளவு அழகாகக் கற்றுக்கொண்டான் என்று மெச்சினேன்.

இப்போது நீ சொல். எதற்காகக் கேட்டாய்?

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உட்கார்ந்துகொள். இங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறோம்.

அந்த மாதங்களில் நான் ஊரிலேயே இல்லை. ஆற்றுக்கு மேலே புதுப் பாலத்துக்கு அளவெடுக்க என்னை அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி நடுவில் போனவன், தாத்தா போன செய்தி கேட்டுத்தான் திரும்பினேன். கூடாரத்தில் தங்கியிருந்தோம், போன் கிடையாது. உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறிவிடுவாய் என்று சொல்லவில்லை. தாத்தாவிடம் அப்பாவாகவே போய், வெளியூர் வேலை, மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா போயிட்டு வா" என்றார். அடுத்த நாள் நானாகப் போய் அதையே இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் அதையேதான் சொன்னார்.

அந்தப் பூட்டு அவர் கையால் செய்தது என்பது உனக்குத் தெரியும். இரண்டே சாவி. ஒன்று அவருடையது. அப்பாவுடையது பாலத்தடியில் என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே அவருடைய பழைய கடையில் தையல் கடை வைத்திருந்த அம்மாதான் வேளைக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அவரைக் கேட்கலாம் என்றால், தாத்தா போன கையோடு மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர், பேரக்குழந்தையை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். விலாசமும் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அங்கே போனேன். கதவருகே போய்ச் சாவியைப் போட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை அக்கா, என் கை தானாகவே பாதி திருப்பிப் பின்னால் இழுத்தது. உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் லேட்டு என்ற குரலுக்காகக் காத்து நின்றேன். அப்புறம் உள்ளே போகாமலேயே திரும்பிவிட்டேன்.

வந்தது யார்? யாரையோ உள்ளே விட்டுவிட்டு, கண் தெரியாத மனிதர் அவனைத் தன் மகன் என்று நம்பிக்கொண்டிருந்தாரா? நான் ஏமாற்றியதும் போதாதென்று இன்னொருவனுமா? நீ கடைசியாகப் பேசியது எப்போது? அன்று என்ன கேட்டது? மறக்காமல் எழுது.

தம்பி

*

மே 12

தம்பிக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். மனம் காரியத்தில் நிற்கவில்லை. போர்வைகளை ஒரு பக்கம், அறுவைச் சிகிச்சைத் துணிகளை ஒரு பக்கம் என்று பிரிக்கிற இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு மேலாளரிடம் திட்டு வாங்கினேன்.

நீ அந்த வீட்டுக்குத் தனியாகப் போகாதே. போனாலும் பகலில் போ, சைக்கிள் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு போ. பொருட்கள் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா? கருவிப் பெட்டி இருக்கிறதா? திருடனாக இருந்தால் அதைத்தான் முதலில் எடுத்திருப்பான். பக்கத்தில் விசாரி.

சாவியைக் கையில் எடுக்கும்போது வேண்டுமென்றே வேறு மாதிரித் திருப்பு. நான் சொல்வதைக் கேள். குட்டியை அங்கே கூட்டிப்போகாதே.

அக்கா

*

மே 26

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். குட்டி நடக்கத் தொடங்கிவிட்டாள், அந்த ஒன்றுதான் இந்த வீட்டில் நல்ல செய்தி.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. கவனித்தேன். பரவாயில்லை.

பொருள் எதுவும் போகவில்லை. கருவிப் பெட்டி அப்படியே இருக்கிறது. சைக்கிள் கடைக்காரரிடம் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன். அவர் நேராகச் சொல்லிவிட்டார். அந்த மாதங்களில் தினமும் சாயங்காலம் மாடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பது கேட்குமாம். ஒன்று தாத்தா. இன்னொன்று நான்தான் என்று நினைத்தாராம். "உங்க குரல் அப்பா குரல் மாதிரியே ஆயிடுச்சேன்னு வீட்ல கூட சொன்னேன்" என்றார். யாராவது படியேறுவதைப் பார்த்தீர்களா என்றேன். யார் ஏறியும் பார்த்ததில்லை, அந்த நேரம் கடையில் கூட்டம் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். விளக்கு எரியுமாம்.

தாத்தா பார்வை போன பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் நான் போனால்தான் விளக்குப் போடுவேன். நான் கிளம்பும்போது அணைக்கச் சொல்லிவிடுவார். கண் தெரியாதவர் யாருக்காக விளக்குப் போட்டார்?

இங்கேயும் ஒன்று நடக்கிறது. சொன்னால் பயப்படுவாய், சொல்லாவிட்டால் எனக்குத் தாங்கவில்லை. நேற்று நான் குளித்துவிட்டு வரும்போது வீட்டுக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். மாமா நடந்து வருகிற மாதிரி இருந்தது என்றாள். அப்பா வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாரே, அது. நடிப்பதற்காகப் பழகியது இப்போது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சாயங்காலம் ஆனால் தொண்டை தானாகக் கமறுகிறது. நான் போகாத நாட்களில் அப்பா எங்கே போனார் என்று ஒரு எண்ணம் வருகிறது. அதை அதட்டி உட்கார வைக்கிறேன்.

கூட்டத்தில் பேச மாட்டேன் என்று சொல்லிவிடப்போகிறேன். தாத்தாவை யார் வந்து பார்த்தார்கள் என்றே தெரியாத பேரன் அவர் வாழ்க்கையைப் பற்றி என்ன பேசுவது?

தம்பி

*

ஜூன் 6

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்கவே பயமாக இருக்கிறது. நீ நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்குத் தாத்தாவின் பழைய எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நீதான் எழுதினாய். ஆனால் மணி அடித்தது தம்பி. அடித்துக்கொண்டே இருந்தது. யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நானே வைத்துவிட்டேன்.

பேச மாட்டேன் என்று சொல்லாதே. அவர் நம் தாத்தா. யார் வந்தார்களோ வரவில்லையோ, நம்மை வளர்த்தவர் அவர்தான். எனக்கு இங்கே படம் இல்லை, மாலை இல்லை, நாற்காலி போட ஆள் இல்லை. நீ பேசுவதுதான் எனக்கும்.

நடையை மாற்று. வேகமாக நட.

அக்கா

*

ஜூன் 23

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். இந்த முறை மனமார எழுதுகிறேன். வீட்டுக்காரி உன் உடம்பை விசாரிக்கச் சொன்னாள். குட்டிக்கு "அத்தை" சொல்லிக் கொடுத்தோம், "தத்த" என்கிறாள். யாரைச் சொல்கிறாள் என்று நீயே முடிவு செய்துகொள். போன் மணியைப் பற்றி விசாரித்தேன். கொடுக்கப்படாத எண்ணுக்கு அடித்தால் கேட்கிறவர் காதில் சும்மா மணி அடிக்குமாம். எடுக்க அங்கே கருவியே இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் தையல்காரம்மா வந்து சேர்ந்தார். எப்படியோ செய்தி போயிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அழுதார். மாடிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்னால் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தாத்தாவுக்கு முதல் நாளே தெரியும் அக்கா. சாவி திரும்பியது சரிதான், ஆனால் படியேறி வந்த மூச்சு இளவயது மூச்சு என்று கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் காலையில் தையல்காரம்மாவைக் கூப்பிட்டு, என் மகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த அம்மா மறைக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் ஒரு பழைய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அழவில்லையாம். அப்புறம், "பையன் சொல்லத்தான் வந்தான். சொல்ல முடியாமத் தவிச்சுட்டுப் போயிட்டான். அவனாச் சொல்ற வரைக்கும் நான் கேட்க மாட்டேன்" என்றாராம். நான் கடைசிவரைக்கும் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை. மூன்று வருஷம் என் முன்னால் உட்கார்ந்து, மகனிடம் பேசுவது போலப் பேசினார். சளி மருந்தை அவர் யாருக்காக வாங்கச் சொன்னார் என்று இப்போது புரிகிறது.

இனிமேல்தான் உன் பங்கு. நீ ஒவ்வொரு வாரமும் அப்பா எப்படி இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டு கேட்டாயல்லவா? அப்பா செத்ததற்கும் வரவில்லை. உனக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார். தூரத்தில் தனியாக இருக்கிற பிள்ளை, அவளிடம் நான் எப்படி உடைத்துச் சொல்வது என்றாராம். நான் பாலத்துக்குப் போன அன்று தையல்காரம்மாவிடம், "பையன் கிளம்பிட்டான். இனிமே அவன் அப்பனை நான்தான் வரவழைக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போன் வயரைக் கதவுவரைக்கும் இழுத்து வைத்துக்கொள்வாராம். உன்னோடு பேசிக்கொண்டே தன் சாவியை உள்பக்கமாகப் போட்டுத் திருப்புவார். பாதி, ஒரு இழுப்பு, முழுசு. இருமலும் அவர்தான். மற்ற நாட்களில் ஒத்திகை பார்ப்பாராம், இரண்டு குரலிலும். விளக்கு எதற்கு என்று கேட்டதற்கு, நடித்தால் முழுசாக நடிக்க வேண்டும் என்றாராம். ஒத்திகை என்று தெரிந்தும் சில நாள் அவர் சிரிக்கிற சிரிப்பைக் கேட்டால், எதிரே ஆள் உட்கார்ந்து வேடிக்கை சொல்வது போலவே இருக்குமாம்.

அவரை ஏமாற்றுகிறோம் என்று நாம் நினைத்தோம். அவர் நம் இரண்டு பேரையும் தனித்தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசி வாரம் காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. தையல்காரம்மா போனைத் தலையணைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, வந்து போக வசதியாக அவருடைய சாவியையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் எடுத்துக்கொண்டு மேலே வந்தபோது போயிருந்தார். முகம் நன்றாக இருந்ததாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மத்தியானம் வந்தபோது நானே போட்டிருப்பேன் போல என்றார்.

கூட்டத்தில் பேசினேன். போலீஸ் கதைக்கு எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அப்புறம், அவர் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி நிற்பதைச் சொன்னேன். என் விஷயத்தில் அவர் செய்ததும் அதுதான் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை. இன்று வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என் நடையாகத்தான் நடந்தேன்.

நிம்மதியாகத் தூங்கு அக்கா. யாரும் வரவில்லை. எல்லாம் அவர்தான்.

தம்பி

*

ஜூலை 11

என் அருமைத் தம்பிக்கு,

தோள்வலி தீர்ந்துவிட்டது. மேலாளர் என்னை மேஜை வேலைக்கு மாற்றிவிட்டார். "தத்த" என்றால் அத்தைதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அந்தக் கிழவர் என்னை நினைத்து வயரை இழுத்துக்கொண்டு கதவருகில் நின்றதை நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. நான் அவருக்காக நடித்தேன், அவர் எனக்காக நடித்தார். இரண்டு பேருக்கும் போன் செலவுதான் மிச்சம். இனிமேல் உனக்கு எந்த உறுத்தலும் வேண்டாம். அவர் ஏமாறவில்லை.

ஆனால் நீ கேட்ட ஒன்றுக்கு நான் பதில் எழுதவில்லை. கடைசியாகப் பேசியது எப்போது என்று கேட்டாய். நீ ஊரில் இல்லை என்று தெரிந்ததும் எழுதப் பயந்தேன். தையல்காரம்மா சொன்னதைப் படித்ததும், இதுவும் அவர் நடிப்புத்தான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ என்ன நினைத்தாலும் சரி.

அந்த வெள்ளிக்கிழமைதான் பேசினேன். குரல் இறங்கிப் போயிருந்தது. காய்ச்சல் என்று சொல்லாமல், தூக்கக் கலக்கம் என்றார். நான் வழக்கம்போல அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "உங்கப்பன் இன்னிக்கு வர மாட்டான் பாப்பா. வேலை அதிகமாம்" என்றார். எழுந்து கதவுக்குப் போக முடியாததால் அப்படிச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அப்புறம் நான் குளிருக்குப் போர்த்திக்கொள்கிறேனா, செருப்பு நல்லதாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாதிச் சொல்லில் நிறுத்தினார்.

சாவிச் சத்தம் கேட்கவில்லை. கதவுச் சத்தமும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் அவர் மூச்சு கேட்டது. "டேய்" என்றார். என்னைக் கூப்பிட்ட குரல் இல்லை, உன்னைக் கூப்பிடுகிற குரலும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மிகவும் மெதுவாக, "நிஜமாவே வந்துட்டியா?" என்று கேட்டார்.

எனக்குக் கேட்க வேண்டும் என்று பேசும்போது அவர் குரலை உயர்த்துவார். இது அப்படி இல்லை. நான் லைனில் இருப்பதையே மறந்துவிட்டுக் கேட்டார். பிறகு நினைவு வந்தது போல, "பாப்பா, உங்கப்பன் வந்துட்டான்" என்றார். நான் என் பாடத்தை ஒப்பித்தேன், அப்பாவிடம் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "இல்லம்மா. உட்காரக்கூட மாட்டேங்கிறான். கிளம்பலாம்னு நிக்கிறான்" என்றார்.

சரி தாத்தா, அடுத்த வாரம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று எனக்கு உன்மேல்தான் கோபம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி எங்கேயோ கூட்டிப் போகிறானே, எனக்கு ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று.

குட்டியையும் வீட்டுக்காரியையும் பத்திரமாகப் பார்த்துக்கொள். பதில் போட அவசரமில்லை.

அக்கா